பிடரியில் பன்னிரண்டு சென்டிமீட்டர்

நித்திலாவுக்கு அவசரமாக ஒரு நல்ல முடிதிருத்துபவர் தேவைப்பட்டார். கோயம்புத்தூரில் சலூனுக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். தெருவுக்கு மூன்று இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் முடி பேச ஆரம்பித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ஒருவரிடம் தலையைக் கொடுக்கிற காலம் மலையேறிவிட்டது.

முடி பேச ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது அல்லவா, அந்த ஒரு சென்டிமீட்டரில் அந்த மாதம் முழுக்கப் படிந்திருக்கிறது. தூங்கினீர்களா, பயந்தீர்களா, என்ன மாத்திரை விழுங்கினீர்கள், எத்தனை நாள் உள்ளுக்குள் வெந்தீர்கள், எல்லாம். டிபன் பாக்ஸ் அளவு கருவிக்குள் ஒரு கொத்தை வைத்தால் பத்து நிமிடத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடும். அரசாங்கம் அதற்குக் கேச வாசிப்பு என்று பெயர் வைத்தது. ஊர் அதை முடி ரிப்போர்ட் என்றது. முதலில் விமானம் ஓட்டுகிறவர்களிடம் கேட்டார்கள், நல்லதுதானே என்று எல்லோரும் தலையாட்டினோம். அப்புறம் பஸ் டிரைவரிடம், டீச்சரிடம், கல்யாணப் பெண்ணிடம். ஆட்டிப் பழகிய தலையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

‘இடுப்பைத் தொடும் கூந்தல், ஆறு வருட வாசிப்புக்குத் தயார்’ என்று வரன் விளம்பரங்கள் வந்தன. நீளக் கூந்தல்காரி ஒளிக்க ஒன்றுமில்லாதவள். மற்றவர்கள் சட்டம் சொல்கிற பன்னிரண்டு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கும் குறைத்தால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம். மொட்டையடித்தால் கோயில் சீட்டைக் காட்ட வேண்டும், அதுவும் வழக்கு நடக்கும்போது செல்லாது. சலூனுக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு சின்னத் துடைப்பமும் துணிப்பையும் கொண்டுபோவார்கள். விழுந்த முடியை அவரவரே கூட்டி அள்ளி, வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

எட்டு வருஷமாக நித்திலாவின் தலையை வெட்டிவந்த ஷீலா, வாடிக்கையாளர்களின் முடியைக் கல்யாணத் தரகர்களுக்குக் கடத்தியதாகப் போன மாதம் கையும் களவுமாகப் பிடிபட்டாள். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சரியாக அந்த வாரம்தான் குடும்ப நீதிமன்றத்திலிருந்து நித்திலாவுக்கு உத்தரவு வந்தது.

வக்கீல் பர்வீன் அதை மேசைமேல் விரித்துப் படித்தார். நித்திலாவைவிடப் பத்து வயது பெரியவர், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

“இருபத்தொண்ணாம் தேதி முடி எடுக்கறாங்க. பிடரியில, பன்னண்டு சென்டிமீட்டர். அதாவது ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

நித்திலா சொன்னாள். பதினொரு மாதத்துக்கு முன்னால் வயிற்றிலிருந்த இரண்டாவது குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அதற்குப் பிறகு ஏழு மாதம் மாத்திரை. அந்த நாட்களில் ஒருநாள், மூத்தவள் இயலைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பியவள், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சூலூர் வரைக்கும் போய்விட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை மாலை ஆறு மணிவரைக்கும் பள்ளி வாட்ச்மேனோடு கேட்டில் நின்றது. கணவன் பிரணவ்தான் போய் அழைத்துவந்தான். சண்டை முற்றி அடுத்த மாதமே அவன் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனான். மூன்று மாதத்துக்கு முன்னால், பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மனுப் போட்டான். அவன் கெட்டவன் இல்லை. கேட்டில் நின்ற பிள்ளையின் முகத்தை அவனால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“ரிப்போர்ட்ல மனக்கலக்கம் ஆறு மாசத்துக்கு மேல சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தா பிள்ளையைக் குடுக்க மாட்டாங்க,” என்றார் பர்வீன். “உங்களுக்கு எத்தனை மாசம் இருக்கும்?”

“அது ஒரு ஏழு. அப்புறம் நோட்டீஸ் வந்ததுலேருந்து இந்த மூணு. நான் கண்ணை மூடியே மூணு மாசம் ஆச்சுங்க. நடுவுல ஒரே ஒரு மாசம்தான் மனுஷியா இருந்திருக்கேன்.”

பர்வீன் பேனாவை மூடிவைத்தார். “முதல்ல இந்த நீள முடியைப் பன்னண்டாக் குறைங்க. இன்னும் பின்னாடி போய்ப் பார்க்கணும்னு அவங்க வக்கீல் கேக்காம இருக்கட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்.”

ஆர்.எஸ்.புரத்தில் கண்ணாடிச் சுவர்களோடு ஒரு பெரிய சலூன். நித்திலா சுதா என்று பெயர் கொடுத்து முன்பதிவு செய்துகொண்டு, துடைப்பமும் பையுமாகப் போய் உட்கார்ந்தாள். அவள் கழுத்தில் துணி கட்டிவிட்ட பையன் வாய் ஓயாமல் பேசினான்.

“துடைப்பமெல்லாம் எதுக்குங்க மேடம்? எங்க மெஷினே உறிஞ்சிரும்.”

“பரவால்லைங்க. எனக்கு என் துடைப்பம்தான் சரிப்படும்.”

இடதுபக்கம் வெட்டி முடித்தான். பிடரிக்கு வந்தபோது பேச்சு நின்றது. அதுதான் அவளை நிமிரவைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். கத்தரிக்கோல் ஒருமுறை மூடியது, ஆனால் முடி எதுவும் தரையில் விழவில்லை. அவனுடைய இடது கை ஏப்ரனின் பாக்கெட்டுக்குள் போய்விட்டு வந்தது.

“பாக்கெட்டுல என்ன வெச்சீங்க?”

“ஒண்ணுமில்லைங்க மேடம், சீப்பு.”

“எடுத்து மேல வைங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். நித்திலா கழுத்துத் துணியோடு எழுந்து அவனுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள். அவன் மெதுவாக எடுத்து வைத்தான். சின்னப் பிளாஸ்டிக் உறை, உள்ளே அவளுடைய முடி. உறையின்மேல் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. நித்திலா பிரணவ், வயது முப்பத்திரண்டு.

அவள் சொன்ன பெயர் சுதா.

“யார் குடுத்தாங்க?”

“சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மேடம். ஊர்ல இருக்கற எல்லாச் சலூனுக்கும் உங்க போட்டோ வந்திருக்கு. எங்க மேனேஜர்தான் வாங்கி வெச்சிருந்தார்.”

அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உறையைப் பிடுங்கிக்கொண்டு, தரையில் கிடந்ததை ஒன்றுவிடாமல் கூட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பாதித் தலையோடு படியிறங்கினாள். எதிரே வந்த ஒவ்வொருவரும் தன் தலையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. உண்மையில் பார்க்கத்தான் செய்தார்கள், ஒருபக்கம் காதுவரைக்கும் மறுபக்கம் முதுகுவரைக்கும் இருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

இயல் கதவைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அம்மா, உன்னை எலி கடிச்சிருச்சு!”

நித்திலாவும் சிரித்தாள். இந்த மூன்று மாதமாகப் பிள்ளையின் முன்னால் சிரிப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அழுகை வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். ராத்திரி பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்து, தூங்குகிறவள்போல மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். சாயங்காலம் பால் குடித்து முடித்ததும் இருவரும் ஒரு ஒத்திகை பார்ப்பார்கள். கோர்ட்டில் யாராவது பிள்ளையிடம் கேட்டுவிட்டால்?

“உங்கம்மா...”

“எங்கம்மா அழவே மாட்டாங்க,” என்றாள் இயல், கேள்வி முடிவதற்குள். “சிரிச்சுட்டே இருப்பாங்க. ராத்திரி நல்லாத் தூங்குவாங்க. நானும் நல்லாத் தூங்குவேன்.”

“என் சமத்து.”

“இன்னொரு தடவை கேளும்மா.”

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பிள்ளை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். இவளை விட்டுவிட்டு ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று நித்திலாவுக்குத் தோன்றியது.

பர்வீன் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“முடியை மாத்திக்கிட்டா ரெண்டு வருஷம் ஜெயில். மாத்திக் குடுத்தவங்களுக்கு மூணு. வக்கீலா நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்.” பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “ஆனா என் தலை எப்பவும் நல்லா இருக்குல்ல? எனக்குப் புலியகுளத்துல பெனிட்டான்னு ஒருத்தங்க வெட்டுவாங்க. சர்ச்சுக்குப் பின்னாடி, தையல்கடையை ஒட்டி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்காது. நான் தலை வெட்டறதைப் பத்தித்தான் பேசறேன்.”

“புரியுதுங்க.”

பெனிட்டாவின் கடையில் இரண்டே நாற்காலி. ஐம்பத்தைந்து தாண்டிய கனத்த உடம்பு, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நித்திலாவின் பாதித் தலையை விரலால் கோதிப் பார்த்தார்.

“பச்சப் புள்ளை கையில குடுத்திருக்கீங்க போல. என்னைக்கு எடுக்கறாங்க அம்மிணி?”

“புதன்கிழமைங்க.”

“அப்படின்னா இன்னைக்கே பண்ணிப்போடோணும். மூணு நாளைக்கு மேல போச்சுன்னா புதுசா வளர்ற அடிமுடி காட்டிக் குடுத்துரும்.”

நித்திலா நாற்காலியில் உட்காரவில்லை. “நீங்க என்னைக் காட்டிக் குடுக்க மாட்டீங்கன்னு நான் எப்படிங்க நம்பறது?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் பெனிட்டா கத்தரிக்கோலை எடுத்தார். தன் பிடரியிலிருந்து ஒரு கொத்தை வெட்டி, நூல் கட்டி, நித்திலாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இது என்னோட வருஷம். இதுல என்ன இருக்குன்னு எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். வெளிய போச்சுன்னா அடுத்த நாளே கடையைப் பூட்டிப்போடுவாங்க. வேலை முடியற வரைக்கும் நீங்க வெச்சுக்கோங்க. முடிஞ்சதும் உங்களதையும் என்னதையும் ஒண்ணா அந்தத் தொட்டியில எரிச்சுப்போடலாம். எங்க தொழில்ல எல்லாரும் இப்படித்தாங்க பண்ணறது.”

நித்திலா அந்தக் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வாரத்தில் முதல்முறையாக, யாரோ ஒருவர் தன்னைப்போலவே பயப்படுகிறார் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

பெனிட்டா வலதுபக்கத்தையும் சமமாக வெட்டினார். பிறகு ஒரு கிண்ணத்தில் பச்சைக் களிம்பைக் குழைத்து, வேரிலிருந்து நுனிவரைக்கும் தடவினார். தலை திகுதிகுவென்று எரிந்தது.

“எரியுதுங்களா? எரியட்டும். முடிக்குள்ள இருக்கறதை எல்லாம் இது வெளிய இழுத்துரும். முக்கால் மணி நேரம்.”

“அப்புறம் ஒண்ணுமே இருக்காதுங்களா?”

“ஒண்ணுமே இல்லாம இருந்தா அது கழுவின முடின்னு மெஷின் கண்டுபிடிச்சுருமே. அதனால வேற ஒரு வருஷத்தை உள்ள ஏத்தோணும்.” அலமாரியிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். “இது மூணும் வேற வேற ஆளுங்க முடியிலேருந்து எடுத்தது. இது காலேஜ்ப் புள்ளைங்களுக்கு, பரீட்சை சமயத்துல கொஞ்சம் ஏறும். இது நடுவாந்தரம். வேலை, வீடு, புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு மனுஷிக்கு இருக்கற கவலை அத்தனையும் இருக்கும், அங்கங்க தூக்கமில்லாத ராத்திரி இருக்கும். ஆனா சிவப்புக் கோட்டைத் தொடாது. இது மூணாவது. இவ ஒரு கவலையும் இல்லாதவ. வருஷம் பூராம் நிம்மதி. வயசானவங்க சில பேரு இன்சூரன்சுக்குக் கேப்பாங்க.”

அவர் பேசி முடிப்பதற்குள் ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. இரும்பில் மோதிரம் படுகிற சத்தம். பெனிட்டா ஒரே அள்ளலில் மூன்று பாட்டிலையும் ஷாம்பு பாட்டில்களோடு கலந்துவைத்துவிட்டு, ஷட்டரை உயர்த்தினார்.

சுகாதாரத் துறைச் சீருடையில் ஒரு பெண். முடி இன்ஸ்பெக்டர். உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார்.

“ஞாயித்துக்கிழமை என்ன வேலை?”

“மருதாணிங்க மேடம். வேலைக்குப் போற புள்ளை, லீவு நாள்லதான வர முடியுது.”

“இந்த வயசுல மருதாணியா?”

“இப்பல்லாம் இருபத்தஞ்சுலயே நரை வந்துருதுங்களே.”

இன்ஸ்பெக்டர் நித்திலாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். களிம்பின் எரிச்சலில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. கைக்குள் பெனிட்டாவின் முடி இருந்தது.

“ஏன் அழறீங்க?”

“எரியுதுங்க,” என்றாள் நித்திலா.

இன்ஸ்பெக்டர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த லைசென்சில் தேதியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், “கூட்டினதை அவங்ககிட்டயே குடுத்துருங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காலடிச் சத்தம் தையல்கடையைத் தாண்டும்வரைக்கும் இருவரும் அசையவில்லை.

பெனிட்டா களிம்பை அலசிவிட்டு நடுப் பாட்டிலை எடுத்துத் திறந்தார்.

“அது வேண்டாங்க,” என்றாள் நித்திலா. “மூணாவது.”

“அம்மிணி, நடுவாந்தரம்தான் பொருந்தும். புள்ளை பெத்தவ தலையில கொஞ்சம் கவலை இருக்கோணும். அதுவும் கேஸ் நடக்கற சமயத்துல.”

“அதுல தூக்கமில்லாத ராத்திரி இருக்குன்னு சொன்னீங்களே. அந்த வக்கீல் ஒரு ராத்திரியை வெச்சே என்னைப் பைத்தியம்னு சொல்லிருவார். ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்க. ஒரு பொட்டு கூட.”

“நல்லா யோசிச்சுக்கோங்க. ஏத்தினதை மறுபடி எடுத்தா முடி பொடிஞ்சு போயிரும்.”

“யோசிச்சுட்டேங்க. மூணாவது.”

அவள் யோசிக்கவில்லை. ஷட்டரில் மோதிரம் பட்ட சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது, அதுதான் பேசியது. பெனிட்டா பெருமூச்சுவிட்டார். “நான் சொல்றதைச் சொல்லிப்போட்டேன்,” என்று மூன்றாவது பாட்டிலைத் திறந்தார். வேலை முடிந்ததும் இருவருடைய முடியையும் தொட்டியில் போட்டு எரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் வெட்டு அவ்வளவு அழகாக இருந்தது. இப்படி ஒரு கை அமைவதற்கு இத்தனை பாடா என்று நித்திலாவுக்கு இருந்தது.

புதன்கிழமை நீதிமன்ற வராந்தாவில் பிரணவ் முன்னதாகவே வந்திருந்தான். சட்டப்படி அவனுக்கும் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டு, பார்க்கவே பரிதாபமாக இருந்தான்.

“இளச்சுட்டே,” என்றான்.

“நல்லாத்தான் இருக்கேன். நீ எதுக்குச் சலூன் சலூனா என் போட்டோவை அனுப்பினே?”

“போட்டோவா? என்ன போட்டோ?” அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவன்போல இல்லை. திரும்பித் தன் வக்கீலைப் பார்த்தான். அவர் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

உள்ளே போகும் முன் பர்வீன் அவள் காதருகே சொன்னார். “இயலுக்கும் எடுக்கறாங்களாம். ஆறு வயசு முடிஞ்சுதுல்ல. இந்த ஜட்ஜம்மா பிள்ளைங்களோடதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு பண்றாங்களாம்.”

“எடுக்கட்டுங்க. அவளுக்கென்ன, சிரிச்சுட்டேதானே இருக்கா.”

இயல் யாரும் சொல்லாமலே போய்த் தலையைக் குனிந்துகொண்டாள். கத்தரிக்கோல் வைத்திருந்த அம்மாளிடம், அவர் ஒன்றும் கேட்காதபோதே, “எங்கம்மா நல்லாத் தூங்குவாங்க ஆன்ட்டி,” என்றாள். அந்த அம்மாள் நித்திலாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முடியை உறைக்குள் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பதினொரு மணிக்கு நீதிபதியின் அறைக்குள் அழைத்தார்கள். மேசைமேல் மூன்று தாள்கள். நீதிபதிக்கு அறுபதை நெருங்கும் வயது, பொறுமையான குரல்.

“முதல்ல இதைச் சொல்லிடறேன். மனுவுல உங்க கணவர் எழுதியிருக்கற எதுவும் உங்க முடியில இல்லைம்மா. மாத்திரை இல்லை, மனக்கலக்கம் இல்லை.”

மேசைக்கு அடியில் பர்வீன் அவள் கையை அழுத்தினார். நித்திலாவுக்கு அப்பாடா என்று மூச்சு வெளியே வந்தது. எழுந்து போய்ப் பெனிட்டாவின் காலில் விழலாம்போல இருந்தது.

நீதிபதி இரண்டாவது தாளை முன்னால் நகர்த்தினார். “இது குழந்தையோடது. முதல் ஒன்பது மாசம் ஒரு குறையும் இல்லை. ரொம்ப சந்தோஷமான குழந்தை.”

முதல் ஒன்பது மாதம். நித்திலா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். மாத்திரை சாப்பிட்ட ஏழு மாதமும் அதற்குள் வந்தது. பள்ளி வாசலில் காத்துநின்ற நாளும் வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்கு எதிரிலேயே வாய்விட்டு அழுத நாட்கள் அவை. இயல் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், கண்ணைத் துடைத்துவிடுவாள், அம்மா மடியிலேயே படுத்துத் தூங்கிவிடுவாள். அந்த ஏழு மாதமும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுத அம்மாவிடமும் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள் என்று காட்ட அவளுடைய தலையில் ஏழு சென்டிமீட்டர் சாட்சி இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால்வரைக்கும் இருந்தது.

“கடைசி மூணு மாசத்தைப் பாருங்க,” என்றார் நீதிபதி. “பெரியவங்க முடியிலகூட நான் இப்படிப் பார்த்ததில்லை. ஒரு ராத்திரிகூட இந்தக் குழந்தை ஒழுங்காத் தூங்கலை. வாயைத் திறந்து எதையும் சொல்லாம உள்ளயே வெச்சுக்கற பிள்ளைங்களுக்குத்தான் கோடு இப்படி நிக்காம ஏறும்னு டாக்டர் எழுதியிருக்கார்.” மூன்றாவது தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். “இது அப்பாவோடது. சிவப்பைத் தாண்டலை. ஆனா அதே மூணு மாசம் அவரும் சரியாத் தூங்கலை.”

பிறகு நித்திலாவின் தாளை நடுவில் வைத்தார். மேலும் கீழும் இரண்டு கோடுகள் துடித்துக் கிடக்க, நடுவிலிருந்தது குளத்துத் தண்ணீர்போல ஆடாமல் அசையாமல் போனது.

“ஒரே வீடு, ஒரே படுக்கை. பக்கத்துல குழந்தை மூணு மாசமா முழிச்சுட்டுக் கிடந்திருக்கு. நீங்க இப்படி ஒரு தூக்கம் தூங்கியிருக்கீங்க. இது எப்படிம்மா உங்களால முடிஞ்சுது?”

“நான் தூங்கலைங்க,” என்றாள் நித்திலா.

“அப்போ இது உங்க முடி இல்லையா?”

பர்வீனின் நகம் அவள் உள்ளங்கையில் பதிந்தது. அவளுக்கு இரண்டு வருஷம், பெனிட்டாவுக்கு மூன்று. அவளை நாற்காலியில் உட்காரவைப்பதற்கு முன்னால் தன் பிடரி முடியை வெட்டிக் கையில் கொடுத்தவர் பெனிட்டா.

“என் முடிதாங்க.”

“மேடம்,” என்று பிரணவ் எழுந்துவிட்டான். அவனுடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. “அவ அப்படிப்பட்டவ இல்லைங்க மேடம். அவ அழுவா. பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவளுக்குத் தூக்கமே வராது. நான் கண்ணால பார்த்திருக்கேன்.”

“மனுவுலயும் அதைத்தான் எழுதியிருந்தீங்க. அதுக்கு ரிப்போர்ட்ல ஆதாரம் இல்லையே.”

பிரணவ் தன் வக்கீலைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

நீதிபதி எழுதினார். எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “மூணு மாசம் குழந்தை அப்பாகிட்ட இருக்கட்டும். அம்மா பார்க்க வேண்டாம், குழந்தை கொஞ்சம் ஆறட்டும். அதுக்குள்ள எல்லாருக்கும் புது முடி வளர்ந்துரும். மறுபடி மூணு பேருக்கும் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

வெளியே வெயில் கொளுத்தியது. இயலின் துணிப்பையைக் காரில் வைத்துவிட்டு வந்த பிரணவ், அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் காருக்கே திரும்பிப் போனான். நித்திலா வேப்பமரத்தடியில் பர்வீனோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கணுங்க,” என்றாள்.

“சொல்லுங்க.”

“இந்த மூணு மாசம் நான் எப்படி இருக்கணும்?”

“எப்படின்னா?”

“அவ இல்லாத வீட்டுல அழுதா சிவப்பைத் தாண்டிரும். பிள்ளையைக் குடுக்க மாட்டாங்க. அழாம இருந்தா, இவ பெத்தவதானான்னு கேப்பாங்க. அப்பவும் குடுக்க மாட்டாங்க. எவ்வளவு அழலாங்க? ஏதாவது கணக்கு இருக்கா?”

இத்தனை வருஷ வழக்கில் இந்தக் கேள்வியை யாரும் பர்வீனிடம் கேட்டதில்லை. அவர் நித்திலாவின் தோளில் கையை வைத்தார்.

கார் கிளம்பியது. ஜன்னலில் இயலின் முகம் தெரிந்தது. அம்மாவைப் பார்த்து அகலமாகச் சிரித்தபடி கையாட்டிக்கொண்டே போனாள். கார் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரைக்கும் நித்திலாவும் கையாட்டினாள். அது மறைந்த பிறகு அழுகை தொண்டைவரைக்கும் வந்தது. எவ்வளவு அழலாம் என்று தெரியாததால் அங்கேயே நிறுத்திவைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.